ரேழியின் இருட்டும் முற்றத்து வெயிலும்: ஓர் எச்.டி.ஆர். படம் தாளுக்கு வந்த விதம்

கும்பகோணத்தை அடுத்த ஓர் அக்ரஹாரத்து வீட்டை, தெருவாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை கண்ணுக்குத் தெரிவது போலவே ஒரே படமாக எடுத்து, 24-க்கு 36 அங்குல அளவில் அச்சிட்டுத் தர வேண்டும் என்பதுதான் வந்த வேலை. கேட்டவர்கள் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது வெளியூர்களில் குடியிருக்கும் உடன்பிறந்தோர். அவர்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: முற்றத்தில் வெயில் விழுந்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டவர் கல்யாணம், காதுகுத்து, சதாபிஷேகம் என்று டெல்டா முழுக்கச் சுற்றிப் படமெடுத்த அனுபவமுள்ள ஸ்டூடியோக்காரர், வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் எச்.டி.ஆர். முறையை மட்டும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். எடுக்கும்போதும் அச்சிடும்போதும் உடனிருந்து கவனித்தவன் என்ற முறையில் இந்த ஆய்வை எழுதுகிறேன். இந்த முறையைக் கற்பவர்கள் எல்லோரும் கேமராவில் தொடங்கித் தாளில் முடிக்கிறார்கள். தாளில் தொடங்கிக் கேமராவுக்குப் போனால்தான் படம் உருப்படியாக வரும் என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு இந்த ஒரு வேலையே போதிய சான்று.

வீட்டின் அமைப்பு

தஞ்சாவூர் ஜில்லாவின் பழைய தெருவீடுகள் அகலத்தில் சிறியவை, நீளத்தில் பெரியவை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் வருவதற்கு உள்ள வழிகள் மூன்றுதான்: தெருவாசல், நடுவே திறந்த முற்றம், கடைசியில் கொல்லைக் கதவு. திண்ணையைத் தாண்டியதும் வரும் ரேழி, வெளிச்சம் எட்டாத இடைகழி. அதற்கு அப்பால் கூடமும் முற்றமும். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். ஆகவே ரேழியில் நின்று மேற்கே பார்க்கும் கண்ணுக்கு, அருகில் கடும் இருட்டும், நடுவில் கண் கூசும் வெயிலும், அதற்குப் பின் மீண்டும் நிழலும், தொலைவில் கொல்லையின் பசுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்த இடத்தைப் பார்க்கிறோமோ அதற்கேற்பக் கண் தன்னைத் திருத்திக்கொள்வதால் நமக்கு எதுவும் குறையாகத் தெரிவதில்லை. கேமராவோ, ஒளியை உள்ளே விடும் ஷட்டர் ஒரு முறை திறந்து மூடுவதற்கு ஓர் அளவு வெளிச்சத்தைத்தான் ஏற்கும்.

எந்த நேரத்தில் எடுப்பது என்பதும் இங்கே கணக்கில் சேரும். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறந்த சில நாளிலேயே நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆவணியில் மறுபடியும் ஒரு முறை வருகிறது. அந்நாட்களில் முற்றத்துத் தரை மட்டும் வெள்ளையாக வெந்து, சுவர்கள் நிழலிலேயே நிற்கும். மார்கழியில் நண்பகலிலும் சூரியன் 58 பாகைக்கு மேல் ஏறாது. வெயில் சாய்ந்து விழுந்து சுவரையும் தூணையும் தொடும். இந்த வீடு கிழக்குப் பார்த்தது என்பதால், மாலையில் எடுத்தால் கொல்லைப் பக்கத்து வெயில் நேராக லென்ஸுக்குள் பாய்ந்து படத்தை வெளுக்கச் செய்யும். தை மாதத்தில், காலை பத்து மணியை ஒட்டி, சூரியன் கேமராவுக்குப் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் இருக்கும்போது எடுப்பதென்று முடிவாயிற்று. மேகமூட்டமான நாளில் எடுத்தால் பாதித் தொல்லை தானாகவே தீர்ந்துவிடும். வெயில் வேண்டும் என்ற நிபந்தனையால் அந்த வழி அடைபட்டது.

இந்த முறையைக் கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது தாராசுரத்தில். இரண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேசுவரர் கோயிலின் மண்டபத் தூண்களைவிட இதற்குப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். ஆனால் அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். ட்ரைபாட் நிறுத்த முன்அனுமதி வேண்டும். ட்ரைபாட் இல்லாமல் எச்.டி.ஆர். பழகுவது வீண் வேலை. அவரவர் ஊரில் ஒரு பழைய வீடு இருந்தால் பயிற்சிக்கு அதுவே நல்ல இடம்.

அளந்த வெளிச்சம்

ஒளி இரு மடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்கிறோம். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் கேமராவின் ஸ்பாட் மீட்டரை ஒவ்வோர் இடத்திலும் குறிவைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 என்று நிலைப்படுத்திக்கொண்டு அளந்தபோது, முற்றத்தில் வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவருக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரமாக மீட்டர் 1/2000 நொடி சொன்னது; ரேழியில் நெல் கொட்டும் பத்தாயம் நிற்கும் மூலைக்கு 4 நொடி சொன்னது. இடையில் உள்ள விகிதம் 8000 மடங்கு, அதாவது 13 ஸ்டாப்.

மீட்டர் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்கக் கூடாது என்பது இங்கே முக்கியம். எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பலாக ஆக்கும் எக்ஸ்போஷரைத்தான், அதாவது உள்ளே விட வேண்டிய ஒளியளவைத்தான், மீட்டர் சொல்லும். வெள்ளைச் சுவர் சாம்பலாக வேண்டியதில்லை, வெள்ளையாகவே வர வேண்டும். அதற்கு இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறந்து 1/500 போதும். பத்தாயத்து மூலையும் சாம்பலாக வேண்டியதில்லை, இருட்டாகவே வர வேண்டும். மூன்று ஸ்டாப் குறைத்து 1/2 நொடி போதும். ஆக எடுக்க வேண்டிய எக்ஸ்போஷர்கள் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 என இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து. நம்மூர் ஸ்டூடியோக்களில் புழங்கும் பல கேமராக்களில் எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி அடுத்தடுத்து எடுக்கும் தானியங்கி பிராக்கெட்டிங் மூன்று படத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்டூடியோக்காரர் அதற்குக் கண்ட வழி எளிது. 1/125-ஐ நடுவாக வைத்து ஒரு மூன்று, 1/8-ஐ நடுவாக வைத்து இன்னொரு மூன்று. 1/30 இரு முறை வரும். அதனால் நஷ்டமில்லை, இரண்டு தொகுதிகளும் பிசகாமல் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு அதுவே அடையாளமாகவும் அமைந்தது.

இன்றைய சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் 13, 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும்போது ஐந்து படம் எதற்கு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஒன்றை மட்டும் எடுத்து நிழலை ஏற்றினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சுவர் கெடாமல் 1/500-இல் மட்டும் எடுத்தால், பத்தாயத்து மூலை நடுச் சாம்பலுக்கு 11 ஸ்டாப் கீழே போய்விடும். சென்சார் அங்கேயும் ஏதோ பதிவு செய்யும்தான். ஆனால் அதில் மரத்தின் ரேகையைவிட இரைச்சல் புள்ளிகளே மிகுந்திருக்கும். சிறிய அளவில் திரையில் பார்த்தால் மறைந்துவிடும் இந்தப் புள்ளிகள், மூன்றடி உயரப் பிரிண்டில் மணல் தூவியது போல் எழுந்து நிற்கும். வாசலில் நிற்கும் ஒருவரை முன்னொளியும் பின்னொளியுமாக எடுக்கும் சாதாரண வேலைக்கு ஒரே ரா கோப்பு தாராளமாகப் போதும். அதற்கும் பிராக்கெட்டிங் செய்பவர்கள் வன்தட்டை நிரப்புகிறார்கள், வேறொன்றுமில்லை.

அப்பர்ச்சரை மாற்றாமல் ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும். ஃபோகஸைக் கைமுறையில் பூட்ட வேண்டும். வெள்ளை எந்தச் சாயலில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடக் கூடாது. இவை எல்லோரும் சொல்பவை. சொல்லாமல் விடுபவை வீட்டுக்குள் இருக்கின்றன. கூடத்தில் எரிந்த பழைய டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், 1/100-ஐவிட வேகமான ஷட்டரில் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பதியும். அதை அணைத்தாக வேண்டும். மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய பிறகும், கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாள் வாசல் காற்றில் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. ஐந்து படத்தில் ஐந்து இடத்தில் அது இருந்ததால், முதல் இணைப்பில் தேதி எண்ணின் மேல் இன்னொரு தேதி எண் பேய் போல நிழலாடியது. கீழ்ப்பக்கத்தில் ஒரு குண்டூசி குத்தி மறு தொகுதி எடுத்தார். முற்றத்துத் துளசி மாடத்துக்குக் குண்டூசி குத்த முடியாதல்லவா. இலைகளுக்கு மட்டும் 1/500 படத்தையே எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் குறித்துவிட்டார். வெயிலில் நிற்கும் செடி என்பதால் அந்தப் படத்திலேயே அதற்கு வேண்டிய ஒளி இருந்தது.

இணைத்ததும் ஏமாற்றியதும்

ஒரு படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸ்போஷர் என்பது கணினி தந்த யோசனை அல்ல. 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவுமாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அக்காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் மிகுதியாக வினைபுரிந்து, வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும் என்பதே அதற்குக் காரணம். நம் ஊர் டார்க் ரூம்களிலும், என்லார்ஜருக்குக் கீழே கையை ஆட்டி முகத்தின் நிழலைத் தணித்தவர்களும், விவரமின்றி வெளுத்த வேட்டிக்குக் கூடுதல் ஒளி விட்டவர்களும் செய்தது இதன் இன்னொரு பாதிதான். பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவுகளை மீட்டெடுக்கும் கணித வழியைப் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997-இல் வெளியிட்டார்கள். ஒளியளவைக் கணக்கிடாமல், ஒவ்வொரு படத்திலும் நன்றாகப் பதிந்த பகுதிகளை மட்டும் பொறுக்கிக் கலக்கும் எக்ஸ்போஷர் ஃப்யூஷன் என்ற முறை 2007-இல் மெர்டென்ஸ் முதலியோரால் வந்தது. இன்று கிடைக்கும் மென்பொருள்கள் இந்த இரு குடும்பங்களில் ஒன்றைச் சார்ந்தவை அல்லது இரண்டையும் கலந்தவை.

ஸ்டூடியோக்காரர் முதலில் முதல் வழியில் போனார். ஐந்து ரா கோப்புகளை இணைத்து, அகன்ற ஒளியளவைத் திரைக்கும் தாளுக்கும் அடங்கச் சுருக்கும் டோன் மேப்பிங்கில் கிடைத்த இழுவைகளை (ஸ்லைடர்களை) எல்லாம் வலப்பக்கம் தள்ளினார். ரேழியின் ஒவ்வோர் ஆணியும், பத்தாயத்துப் பலகையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. ரெட் ஆக்சைடு தரை ஆரஞ்சாக மாறியது. தேக்குத் தூண்கள் வெயில் சுவருக்கு எதிரே நின்ற இடங்களில், தூணின் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளை ஒளிவட்டம் படர்ந்தது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டு மாறுபாட்டைக் கூட்டும் முறையில், திடீர் விளிம்புகளில் இது வந்தே தீரும்; இழுவைகளின் வலிமையைக் குறைத்து, ஒப்பிடும் வட்டத்தைப் பெரிதாக்கினால் தணியும்.

இந்தப் படத்தின் மாதிரிப் பிரிண்டை வீட்டிலேயே இன்னும் குடியிருக்கும் மாமியிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரேழி எப்போப்பா இவ்வளவு வெளிச்சமா இருந்தது? மத்தியானத்துலயே லைட்டைப் போட்டுண்டுதானே செருப்பைத் தேடுவோம்!"

தொழில்நுட்ப விமர்சனமாக எடுத்துக்கொண்டால் இதைவிடத் துல்லியமான ஒன்றை நான் கேட்டதில்லை. ரேழி இருட்டாக இருப்பதால்தான் முற்றத்து வெயில் வெயிலாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் வெயில் போய், வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் மிஞ்சுகிறது. எச்.டி.ஆர். என்றாலே முகம் சுளிக்கும் பழைய ஆட்கள் சுளிப்பது இந்தத் தட்டையைப் பார்த்துத்தான். முறையின் மேல் குற்றமில்லை. மறைந்ததை எல்லாம் காட்டிவிட முடியும் என்ற ஆசையின் மேல்தான் குற்றம்.

தாள் கொள்ளும் அளவு

இந்த இடத்தில்தான் வேலை தலைகீழாகத் திருப்பப்பட்டது. தாள் எவ்வளவு கொள்ளும் என்று முதலில் கணக்கிட்டோம். அச்சின் கருமையை அடர்த்தி எண்ணால் அளக்கிறார்கள்; 0.3 அடர்த்தி ஒரு ஸ்டாப்புக்குச் சமம். மெல்லிய பளபளப்புள்ள நல்ல லஸ்டர் தாளில் மிகக் கருத்த கறுப்பு 2.2 அளவில் நிற்கும்; தாளின் வெள்ளைக்கு உரிய 0.1-ஐக் கழித்தால் 2.1, அதாவது ஏழு ஸ்டாப். பளபளப்பில்லாத மேட் தாளில் கறுப்பு 1.6-ஐ ஒட்டியே நின்றுவிடுவதால் ஐந்து ஸ்டாப்தான் தேறும். இப்போது விற்கும் எச்.டி.ஆர். டிவிகளும் போன் திரைகளும் தாமே ஒளி உமிழ்வதால் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்ட முடியும். தாளுக்கு அந்த வசதி இல்லை. தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. 13 ஸ்டாப் வீட்டை ஏழு ஸ்டாப் தாளில் அடக்க வேண்டும் என்றால், ஆறு ஸ்டாப்பை எங்கே விடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளும் பதில் சொல்லாது, ஏனென்றால் அது அந்த வீட்டில் குடியிருந்ததில்லை.

முடிவு இப்படி அமைந்தது. முற்றத்துச் சுவரில் சுண்ணாம்பின் சொரசொரப்பு தெரியும் அளவுக்கு வெள்ளை நிற்க வேண்டும். தரையில் நீர் தெளித்த இடத்தில் மின்னும் ஒளிப்பொட்டு வெறும் தாளாகப் போனால் பரவாயில்லை. கூடத்துச் சுவரின் தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கரேக்கு ஒளிர வேண்டும், படத்தின் உருவம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ரேழியில் பத்தாயத்தின் மேல் விளிம்பும் அதன் பித்தளைப் பூட்டும் தெரிந்தால் போதும். அதற்குக் கீழே தாளின் முழுக் கறுப்பு. இதற்கு டோன் மேப்பிங்கின் ஆட்டத்தை விட்டுவிட்டு, எக்ஸ்போஷர் ஃப்யூஷன் தந்த படத்தை அடிப்படையாக வைத்து, முற்றத்துக்கு 1/500 படத்தையும் ரேழிக்கு 1/8 படத்தையும் மாஸ்க் போட்டு, அதாவது வேண்டிய பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்து, கையால் கலந்தார். ஐந்தில் மிகப் பிரகாசமான 1/2 நொடிப் படம் பூட்டுக்கும் விளிம்புக்கும் மட்டும், அதுவும் பாதி வலிமையில் பயன்பட்டது. நிறத்திலும் ஒன்றைத் திருத்தாமல் விட்டார்: முற்றத்துக்கு அருகில் வானத்து நீலம் கலந்த நிழலும், உள்ளே சிவப்புத் தரையில் பட்டுத் தெறித்த செம்மையும் வெவ்வேறாக இருந்தன. இரண்டையும் ஒரே வெள்ளைக்குக் கொண்டுவராதது நல்ல முடிவு.

திரையில் சரியாக இருந்தது பிரிண்டில் இருட்டாக வருகிறது என்ற புகார் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மானிட்டரைக் கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்துவதே பெரும்பாலும் காரணம். அச்சு வேலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரை ஒளிர்வின் அளவு) போதும்; அந்த அளவுக்கு இறக்கியதும் பாதிப் புகார் மறைந்தது. மீதிப் பாதி ஆல்பம் அச்சிடும் ஒரு லேபிலிருந்து வந்த முதல் மாதிரியில் இருந்தது. அதில் ரேழி மறுபடியும் வெளுத்திருந்தது. லேப் ஆபரேட்டரிடம் ஸ்டூடியோக்காரர் கேட்டார்:

"கரெக்ஷன் போட வேண்டாம்னு எழுதியிருந்தேனே, அண்ணே?"

"எல்லாருக்கும் போடுறதுதான் தம்பி. ஒரு பக்கம் ஒரே இருட்டா இருந்துச்சு, பார்த்துட்டுக் கொஞ்சம் ஏத்தி விட்டேன்."

கல்யாண ஆல்பத்துக்கு அந்த ஆபரேட்டர் செய்தது சரி. ஆயிரக்கணக்கான முகங்களைக் காப்பாற்றும் பழக்கம் அது. இருட்டை வேண்டுமென்றே வைத்த படத்துக்கு மட்டும் அது உதவாது. இறுதிப் பிரிண்ட், குறிப்பிட்ட தாளில் நிறமும் கருமையும் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் ஐசிசி புரொஃபைலைக் கொடுக்கும் வேறோர் இடத்தில் பிக்மென்ட் மையில் எடுக்கப்பட்டது. முழு அளவுக்குப் போகுமுன், ரேழி மூலையை மட்டும் வெட்டி, அரை ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று பட்டைகளாக ஒரே 12-க்கு 18 தாளில் அச்சிட்டு, மை நன்றாகக் காய்ந்த பிறகு, படம் மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டிப் பார்த்தார்கள். நடுப் பட்டையில் பூட்டு மட்டும் தெரிந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் 4000-க்கு 6000 புள்ளிகள் இந்த அளவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 167 ஆகின்றன. நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது குறைவல்ல.

ஃபிரேம் போடுவதும் இந்தக் கணக்கின் பகுதியே. சாதாரணக் கண்ணாடி, ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 4 சதவீதம் ஒளியைத் திருப்புகிறது. 2.2 அடர்த்திக் கறுப்பு திருப்புவதோ 0.6 சதவீதம்தான். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால், பாடுபட்டு வைத்த ரேழி இருட்டின் மேல் ஜன்னல் கம்பிகள் தெரியும். ஆகவே ஜன்னல் இருக்கும் சுவருக்குச் செங்குத்தான பக்கச் சுவர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது டெல்டாவில் சகஜம் என்பதால், இரண்டுக்கும் நடுவே மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையால் இடைவெளி விடப்பட்டது.

பின்னர் உடன்பிறந்தோரில் இளையவர், கண்ணாடியே வேண்டாம், மினுக்கமில்லாத மேட் தாளில் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். அதே கோப்பை அனுப்பியபோது பூட்டும் பத்தாயமும் சுவரும் ஒரே கரும்பரப்பாகக் கலந்துவிட்டன. இரண்டு ஸ்டாப் குறைந்த தாளில் அது எதிர்பார்க்க வேண்டியதே. ஸ்டூடியோக்காரர் மாஸ்க்குகளுக்கே திரும்பிப் போய், ரேழிக்கு அரை ஸ்டாப் ஏற்றி, கொல்லைப் பசுமையைச் சற்றுத் தணித்து, கறுப்புப் புள்ளியை அந்தத் தாளின் புரொஃபைலுக்கு ஏற்ப நகர்த்தி இன்னொரு கோப்பு செய்தார். அந்தப் பிரதியில் பூட்டு தெரிகிறது, பத்தாயத்தின் விளிம்பு பாதிதான் தெரிகிறது. இரண்டு கோப்புகளும் தாளின் பெயரோடு தனித்தனியே சேமிக்கப்பட்டன. ஐந்து ரா கோப்புகளும் மாஸ்க்குகளோடு கூடிய மூலக் கோப்பும் எந்தத் தாளுக்கென்றும் திருத்தப்படாமல் வைக்கப்பட்டிருக்கின்றன.